பிளாவுக்கு இரண்டு கை

வேலி இல்லாத அன்றைக்கு எங்கள் வளவு அவிழ்ந்த கொண்டை மாதிரிக் கிடந்தது. பழைய தென்னோலைக் கிடுகுகளை எல்லாம் பிடுங்கி ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்கள் மட்டும் வரிசையாய் நின்றன. அந்தப் பக்கம் பொன்னுத்துரை அண்ணை வீட்டுக் குசினி அடுப்பு, கிணற்றடி, கொடியில் காய்ந்த சாரம் எல்லாம் தெரிந்தன. அங்கே நின்று பார்த்தவர்களுக்கு எங்களுடையதும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

கதியால்களுக்கு அந்தப் பக்கம் சில துவக்குகள், சுடுவதற்கு ஆயத்தமாய். இந்தப் பக்கம் சில துவக்குகள். நடுவில் ஒரு பெரிய கிடாரம் நிறையக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

அதைத் துழாவிக்கொண்டு நின்றவள் நான். பயத்தில் அகப்பையை ஒரு கணமும் நிறுத்தவில்லை. கூழுக்கு அது நல்லதுதான், கட்டிபடாது.

போன கிழமை என் கோழிகளைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், "இந்த அம்மா அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர், சண்டையைப் பற்றி எழுதாமல் கோழியைப் பற்றி எழுதுகிறாரே" என்று கேட்டாராம். பத்திரிகை ஆசிரியர் தம்பி சொன்னார். பெரிய சண்டையை எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். எழுதியும் இருக்கிறார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்புக்கொள்ளாமல். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது எங்கள் ஒழுங்கை, அந்த ஒடுங்கிய தெரு மட்டும். அதில் நடந்த ஒரு சின்னச் சண்டையையும், அதற்குள் துவக்கு வராமல் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் இன்றைக்குச் சொல்கிறேன்.

ஒரு சாண்

மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே எங்கள் ஊர். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண். அந்த மண்ணில் இன்னும் நன்றாக விளைவது வேலிச் சண்டை. அதற்கு இறைக்கவும் தேவையில்லை.

எங்கடை அவர் என்றால் என் வீட்டுக்காரர். அவருக்கும் பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை அண்ணைக்கும் நடுவில் ஒரு பூவரசங் கதியால் ஒரு சாண் தள்ளி நின்றது. எந்தப் பக்கம் தள்ளி நின்றது என்பதுதான் வழக்கு. இவர் அது எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பார். அவர் தன் பக்கம் வந்துவிட்டது என்பார். கதியால் இரண்டு பேருக்கும் பொதுவாய்த் துளிர்த்துக்கொண்டு நின்றது.

கோபத்தில் இவர் வேலியில் இருந்த பொட்டையும் அடைத்துவிட்டார். பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து போய்வருகிற ஓட்டை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் முன்வாசல் படலையால் போவார்கள். பெண்கள் பொட்டால் போவோம். உப்பு, நெருப்பு, ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போகும், வரும். அதை இவர் கிடுகு வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஒரு கோட்டையைப் பிடித்தவர் போல வந்து கை கழுவினார்.

என்னைப் பெற்ற ஐயாவும் இப்படித்தான். நான் பிறந்தது தென்மராட்சிப் பக்கம். ஐயா ஒரு பனைமரத்துக்காகச் சாவகச்சேரிக் கோட்டுக்குப் போகத் தொடங்கியபோது நான் கைக்குழந்தை. எனக்குக் கலியாணம் நடந்தபோதும் போய்க்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்ததும் வழக்குத் தவணை என்று வேட்டியோடு பஸ் ஏறினவர். வழக்கு முடிய முன் ஐயா முடிந்துபோனார். எதிராளிதான் முதல் ஆளாய் வந்து பந்தல் போட்டு, பாடை கட்டி, எங்களை விடக் கூடுதலாய் அழுதார். வழக்கு இல்லாத வாழ்க்கை அவருக்கும் என்ன வாழ்க்கை?

இப்போது நினைத்தால் அது பாதுகாப்பான சண்டை. இரண்டு பக்கத்தாரும் வயது போய்த்தான் செத்தார்கள். அவர்களால் வழக்குப் பேசிய அப்புக்காத்துமார் நன்றாய் வாழ்ந்தார்கள்.

எழுத்துக்காரர்

பிறகு துவக்கு வந்தது.

அப்போது இயக்கங்கள் பல. எல்லாவற்றுக்கும் இங்கிலீசு எழுத்துகளில் பெயர். மதிலில் ஒரு எழுத்துக் கூட்டத்தை எழுதியிருப்பார்கள், மறுநாள் அதை அழித்து வேறு எழுத்துக் கூட்டம். எனக்கு எந்த எழுத்து யாருடையது என்று கடைசிவரை பிடிபடவில்லை.

என் அக்காவின் மகன் குகன். அக்கா போனபின் சிறுவயது முதல் என் கையில் வளர்ந்தவன். எனக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. பொன்னுத்துரை அண்ணையின் பெண்சாதி பூமணியக்கைக்கு ஒரே மகன் ரவி. இரண்டு பேரும் அந்தப் பொட்டுக்குள்ளால் ஓடித் திரிந்தவர்கள். இந்த வீட்டில் பாண் என்றால் இரண்டு பேரும் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள், அந்த வீட்டில் பிட்டு என்றால் இந்த வீட்டில். ஒரு மாரிகாலத்தில் ஒருவன் ஒரு எழுத்தில் சேர்ந்தான். மற்றவன் இன்னொரு எழுத்தில் சேர்ந்தான்.

"ஏனடா வேறை வேறை? ஒண்டிலை சேர்ந்திருக்கலாமே?" என்று குகனைக் கேட்டேன்.

"அவையின்ரை கொள்கை வேறை, சின்னம்மா."

"என்ன வித்தியாசம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவையிட்டை மோட்டார்சைக்கிள் கூட."

ஒருநாள் ரவி சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான். பூமணியக்கை மிளகாய் அரைத்த அம்மியில் துவக்கைச் சாத்திவிட்டுச் சோற்றில் கை வைத்தான். "எடடா உதை, கறியெல்லாம் எண்ணெய் மணக்கப் போகுது" என்று தாய் கத்தியது எங்கள் குசினிக்குக் கேட்டது. பொன்னுத்துரை அண்ணைக்கு அன்றைக்குப் புது நெஞ்சு. வேலிக்கு மேலால் எட்டி, "இப்ப வந்து அளக்கட்டும் பாப்பம், ஆம்பிளையெண்டால்!" என்றார்.

எங்கடை அவர் விறுக்கென்று திரும்பினார். உள்ளே வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். புதுக் கிடுகு கட்டும் வேலியடைப்பு வரப்போகிறது என்று குகனுக்கு ஆள் அனுப்பினார். "வேலியடைப்புக்கு வரச் சொல்லு. வரேக்கை சும்மா வரவேண்டாமாம் எண்டு சொல்லு."

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே கணக்கு. வேலியடியில் ஒரு வெடி விழுந்தால் அது குகன் மேலே விழும், இல்லாவிட்டால் ரவி மேலே விழும். சுடுகிறவன் மற்றவனாய் இருப்பான். ஒரு சாண் நிலத்துக்காக எங்கள் இரண்டு குசினிகளில் ஒன்றில் அடுப்பு அணையப்போகிறது.

பலகை

ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. கூட்டம் போட்டார்கள்.

வாசிகசாலையில் குழு கூடியது. தலைவர் ஓவசியர் ஐயா, றோட்டுப் போடுவித்து ஓய்வுபெற்றவர். காரியதரிசி மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமுவேல் மாஸ்டர். தேத்தண்ணி கொடுக்கப் போன பெண்களில் நானும் ஒருத்தி. கதவு மூலையில் தட்டத்தோடு நின்றேன்.

ஊர்ச் சண்டைக்குள் துவக்கு வரக்கூடாது என்று ஏகமனதாய்த் தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம். அதை இயக்கப் பெடியளிடம் போய்ச் சொல்வது யார் என்பதில்தான் கூட்டம் நீண்டது.

"எனக்குப் பிறஷர்" என்றார் ஓவசியர் ஐயா.

"நான் வேதக்காரன். நான் போய்ச் சொன்னால் சைவக்காரர் பிழையாய் விளங்குவினம்" என்றார் மாஸ்டர்.

"எங்கடை கோயில் கொடியேற்றம் வருகுது. நான் காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டேலாது" என்றார் கோயில் மணியகாரர். பெடியள் ஊர் எல்லைக்குள்தான் நின்றார்கள் என்பதை ஒருவரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

கடைசியில் ஒரு பலகை எழுதி வைப்பது என்று முடிவாயிற்று. மாஸ்டரின் எழுத்து முத்து மாதிரி. *துவக்குடன் உள்ளே வரவேண்டாம்* என்று நீலப் பெயின்றில் எழுதி ஒழுங்கை முகப்பில் நட்டார்கள். ஓவசியர் ஐயா நின்று நடுவித்தபடியால் நல்ல உரமாய் நின்றது.

அடுத்த நாள் அங்கே வந்த பெடியள் துவக்குகளை அந்தப் பலகையில் கொழுவிவிட்டுத் தேநீர்க்கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். அதுவரை அவர்களுக்குத் துவக்குக் கொழுவ இடம் இருக்கவில்லை. ஒருவன் மாஸ்டரைக் கண்டதும், "ஆர் மாஸ்டர் இது எழுதினது? நீங்களோ? சோக்கான எழுத்து. எங்கடை நோட்டீசும் ஒருக்கா எழுதித் தருவியளோ?" என்று கேட்டான்.

மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

வெங்காயம் உரித்தது

பொட்டு அடைபட்டிருந்தாலும் கிடுகுக்குக் காது உண்டு. ஒரு காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பூமணியக்கையின் குரல் வந்தது.

"பிள்ளை, நிக்கிறியோ?"

"ஓம் அக்கை."

"அழுறியோ?"

"இல்லை. வெங்காயம் உரிக்கிறன்."

"நானும் வெங்காயந்தான் உரிக்கிறன்" என்றாள். இரண்டு பேரின் கையிலும் வெங்காயம் இல்லை.

கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் சொன்னாள். "துவக்கு எங்கையிருந்து வருகுதெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. சோறு எங்கையிருந்து போகுதெண்டு தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"பார்சல்" என்றாள்.

அந்தக் காலத்தில் இயக்கப் பெடியளுக்குச் சாப்பாடு வீடுகளில் இருந்துதான் போகும். சைக்கிளில் வந்து, "அம்மா, இண்டைக்கு உங்கடை ஒழுங்கையிலை பார்சல்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்கள் வாழையிலையில் சோறும் கறியும் வைத்துக் கடதாசியில் சுற்றிக் கட்டிக் கொடுப்போம். எந்த எழுத்துக்காரருக்கு என்று நாங்கள் பார்ப்பதில்லை. எல்லா எழுத்துக்கும் பசி ஒன்றுதான். சண்டைக்காரர் இரண்டு பகுதிக்கும் ஒரே குசினியில் சோறு கட்டியது எங்கள் ஒழுங்கையாய்த்தான் இருக்கும்.

"வேலியடைப்பு அண்டைக்கு இந்த ஒழுங்கையிலை ஒரு வீடும் பார்சல் கட்டக்கூடாது. கேட்டால், கூழ் காய்ச்சுறம், வந்து குடியுங்கோ எண்டு சொல்லுவம்."

"துவக்கோடை வந்து குடிப்பாங்களே அக்கை?"

அந்தப் பக்கத்தில் பச்சை ஓலை கிழிகிற சத்தம்தான் கேட்டது. கிடுகு இடுக்கால் ஒரு பிளாவை நீட்டினாள்.

பிளா என்றால் பனங்குருத்தோலையை மடித்துக் கோலுகிற குடிகலம். தோணி மாதிரி இருக்கும். அடி கிடையாது, கீழே வைத்தால் சரிந்துவிடும். நுனியைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கையால் பிடிக்கலாம். கட்டாமல் விட்டால் இரண்டு கையாலும் இரண்டு பக்கத்தையும் பிடித்தே ஆகவேண்டும். ஒரு கையை எடுத்தால் வாய் பிளந்து கூழ் மடியில்.

அவள் நீட்டிய பிளாவில் நுனி கட்டப்படாமல் இருந்தது.

"வீட்டிலை இருக்கிற பேணி, கோப்பையெல்லாத்தையும் ஒளிச்சு வை" என்றாள் பூமணியக்கை.

"கிடாரத்தை எங்கை வைக்கிறது? உங்கடை பக்கமோ, எங்கடை பக்கமோ?"

"சண்டை எங்கையோ, அங்கை."

செய்தி அன்று மாலைக்குள் ஒழுங்கை முழுக்கப் போனது. படலையால் போகிற செய்தி ஆண்களுக்குத் தெரியும். இது பொட்டுகளால் போனது.

கூழ்

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

ஆண்கள் கிடுகு பிடுங்கி முடித்துத் தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, நாங்கள் அந்த ஒரு சாணில் கிடங்கு கிண்டிக் கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டோம். அவர்கள் அளக்கிற கயிறோடு திரும்பி வந்தபோது அளக்கவேண்டிய இடத்தில் நெருப்பு எரிந்தது.

"இஞ்சேர், உதென்ன உந்த இடத்திலை?" என்றார் எங்கடை அவர். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"காத்துக்கு ஒதுக்கான இடம், அண்ணை" என்றாள் பூமணியக்கை.

"எடடி கிடாரத்தை!" என்றார் பொன்னுத்துரை அண்ணை.

"கொதிக்குது. ஏலுமெண்டால் நீங்கள் தூக்குங்கோ."

இரண்டு பேரும் கிடாரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார்கள். அத்தனை காலத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

மத்தியானம் பெடியள் வந்தார்கள். ரவி தன் ஆட்களோடு அந்தப் படலையால் வந்தான். குகன் தன் ஆட்களோடு இந்தப் படலையால் வந்தான். கதியால்களுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. குகனின் கழுத்தில் எலும்பு தெரிந்தது. ரவியின் விரல் துவக்கில் வைக்கக்கூடாத இடத்தில் இருந்ததாய் எனக்குப் பட்டது. எது வைக்கக்கூடிய இடம் என்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் காலையிலிருந்து ஒருவனுக்கும் பார்சல் போகவில்லை. கிடாரத்தில் நண்டும் இறாலும் மீனும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் ஒன்றாய்க் கொதித்தன. செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்த வாசம் காற்றோடு போய் ஒவ்வொருவனின் மூக்கிலும் நின்றது. கூழ் வாசத்துக்கு எந்த எழுத்தும் தெரியாது.

"பிளாவைப் பிடி" என்றேன் ரவியிடம். அன்று முழுக்க நான் கதைத்தது அவ்வளவுதான்.

அவன் ஒரு கையை நீட்டினான். நான் வார்க்கவில்லை. துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான், வார்த்தேன். குடிக்கக் குனிந்தான். துவக்கு சறுக்கி முன்னுக்கு வந்து பிளாவில் இடித்தது. கொதிகூழ் நெஞ்சில்.

"ஐயோ அம்மா!"

"கவனமடா மோனை. துவக்கை உந்தக் கிடுகுக் குவியலிலை போட்டிட்டு வந்து குடி" என்றாள் தாய், ஒன்றும் தெரியாதவள் போல.

அவன் போட்டான். பிறகு அவன் ஆட்கள் போட்டார்கள். இந்தப் பக்கத்தார் அதைப் பார்த்தார்கள். தாங்களும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாத் துவக்கும் பழைய கிடுகில் கறையானோடு கிடந்தன. பெடியள் எல்லோரும் இரண்டு கையிலும் பிளாவை ஏந்தி, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் பிளாவோடு நிற்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அவனுக்கே தன்னைப் பார்த்துப் பயம் வராது.

"நண்டுக்கால் வந்ததோ?" என்று ரவி தன் பிளாவைப் பார்த்துக் கேட்டான்.

"இல்லை" என்றான் குகன் தன் பிளாவைப் பார்த்து.

"எனக்கு ரெண்டு. எடு."

"கையில்லையடா."

"வாயாலை எடன், மாடு."

குகன் கதியாலுக்கு மேலால் கழுத்தை நீட்டி ரவியின் பிளாவுக்குள் இருந்த நண்டுக்காலைப் பல்லால் கவ்வி எடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் புகை பட்டதுபோலக் கண்ணைக் கசக்கினேன்.

எங்கடை அவருக்கு ஆத்திரம். "சிரிக்கவோ வந்தனீங்கள்? என்ரை ஒரு சாண் என்ன மாதிரி?"

"மாமா," என்றான் ரவி, "உந்த ஒரு சாணிலை நீங்கள் என்ன மரம் நடப்போறியள்?"

"அது என்ரை விருப்பம்."

"என்ரை அப்புவும் நீங்களும் உதுக்கை ஒருக்கா ஏறி நில்லுங்கோ பாப்பம், ஆருக்கு அளவாயிருக்கெண்டு."

அடுப்பு இல்லாத பக்கமாய்ப் பொன்னுத்துரை அண்ணை ஒரு காலை வைத்தார். எங்கடை அவர் ஒரு காலை வைத்தார். அடுத்த காலுக்கு இரண்டு பேருக்கும் இடம் இல்லை. விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கவேண்டி வந்தது. இரண்டு பேருக்கும் அதுதான் பெரிய அவமானம்.

பின்னேரம் பெடியள் குழி தோண்ட அலவாங்கு எடுத்துத் தாங்களே குறைந்த இடங்களில் கதியால் நட்டுக் கிடுகு கட்டினார்கள். அடுப்புக் கல் இருந்த இடத்தில் நெருப்புத் தணியாததால் அதை மட்டும் கட்டாமல் விட்டார்கள். அதுவே எங்கள் புதுப் பொட்டு ஆனது. போகும்போது எந்தத் துவக்கு யாருடையது என்று கொஞ்ச நேரம் குழம்பித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேணி

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஊர்ச் சண்டைக்குக் கூழ் என்பது வழக்கமாயிற்று. கிணற்று முறையில் சண்டையா, ஆடு பயிரை மேய்ந்ததா, இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கிடாரம் வைப்பார்கள். அன்றைக்குப் பார்சல் இல்லை, பிளாதான். எல்லாச் சண்டையும் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். சண்டை துவக்கு நிலத்தில் கிடந்த நேரத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

இது வாசிகசாலைக்குத் தெரிய வந்தது. உடனே ஒரு கூழ் உபகுழு அமைத்தார்கள். அதில் ஒரு பெண்ணும் இல்லை. கூழைப் பற்றிப் பேச அறிவு வேண்டும் அல்லவா? ஓவசியர் ஐயா, பிளாவில் குடிப்பது சுகாதாரம் இல்லை, நாகரிகமும் இல்லை என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஊர்ப் பணத்தில் புதுப் பேணிகள் வாங்கினார்கள். பேணிகளின் அடியில் குழுவின் பெயரும் வெட்டுவித்தார்கள்.

அடுத்த குறிச்சியில் ஒரு கிணற்றுச் சண்டைக்கு உபகுழுவே நேரில் போனது. நாற்காலி, வரவேற்புரை எல்லாம் உண்டு. பெடியள் ஒரு கையில் பேணியும் மறு கையில் துவக்குமாய்ச் சந்தோஷமாய்க் குடித்தார்கள். குடித்து முடித்துத் தென்புடன் சண்டை பிடித்தார்கள். ஒருவன் வானத்தைப் பார்த்து வைத்த வெடியில் பலாப்பழம் ஒன்று நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்த மாஸ்டருக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லகாலம் வேறு சேதம் இல்லை.

கூழில் உப்புக் கூடியதால் வந்த பிழை என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்களாம்.

கஞ்சி

நாங்கள் ஊர்ச் சண்டைக்குத்தான் மருந்து கண்டோம். மேலே இருந்து வருகிற சண்டைக்குக் கிடாரம் எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள். ரவியின் எழுத்துக்காரர் குகனின் எழுத்துக்காரரைத் தடை செய்துவிட்டார்களாம். துவக்கோடு வந்து சரணடைய வேண்டுமாம். வாசிகசாலை பூட்டிக் கிடந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் உண்மையாகவே பிறஷர்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் குகன் வந்தான். வெறுங்கை, ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கள் வீட்டைத்தான் முதலில் தேடுவார்கள் என்று, பூமணியக்கை கையைப் பிடித்துப் பொட்டுக்குள்ளால் இழுத்துத் தன் குசினிக் கதவுக்குப் பின்னால் இருத்தினாள். பொன்னுத்துரை அண்ணை வெங்காயத்தோடு எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தார்.

அடுத்த கொஞ்சத்தில் வாகனம் வந்து நின்றது. ரவியின் இயக்கத்து வெளியூர்ப் பொறுப்பாளர் ஒருவர் இறங்கினார். அவரோடு சில பெடியள். அதில் ஒருவன் ரவி. சிலர் பூமணியக்கை வளவின் பின் ஒழுங்கையை மறித்து நின்றார்கள். எங்கள் வீட்டை அறை அறையாய்த் தேடினார்கள். நெல்லுப்பெட்டிக்குள்ளும் பார்த்தார்கள்.

"பக்கத்து வீடு உன்ரைதானே ரவி? நீ போய்ப் பார். நானும் வாறன்" என்றார் பொறுப்பாளர்.

அப்போதுதான் எங்கடை அவர் வாய் திறந்தார்.

"தம்பி, பொறுப்பாளர் தம்பி, நல்லவேளை வந்தனீர். உந்த வேலியை ஒருக்கா வந்து பாரும். உதிலை ஒரு சாண் என்ரை."

"ஐயா, நாங்கள் வேறை அலுவலா…"

"அதுதான் சொல்லுறன். என்ரை பாட்டனார் காலத்துக் காணி உறுதியிலை கிழக்கு எல்லை எப்பிடிப் போட்டிருக்கெண்டால்…"

கையைப் பிடித்து முற்றத்தில் இருத்திவிட்டார். உறுதியும் வந்தது. எத்தனையோ வருடம் எங்கள் காதைத் தின்ற அந்த ஒரு சாண் கதை அன்றைக்குத்தான் ஒரு உயிருக்கு உதவியது. துவக்கு வைத்திருந்த அந்த ஆளால் அதிலிருந்து தப்ப முடியவில்லை.

நான் பின்பக்கம் போய்ப் பொட்டடியில் நின்றேன். பூமணியக்கையின் குசினி வாசல் நேரே தெரிந்தது.

ரவி துவக்கோடு வந்து நின்றான். தாய் வாசலை மறித்து நின்றாள். அவளுடைய கையில் பிளா. அன்று கூழ் இல்லை, காலையில் மிஞ்சிய பழங்கஞ்சி. சுவர் ராக்கைத் தட்டில் பேணிகள் கவிழ்த்தபடி இருந்தன. அவள் எடுக்கவில்லை. ஓலையை மடித்து வார்த்திருந்தாள். நுனி கட்டவில்லை.

"இந்தா மோனை. வெயிலுக்கை வந்தனி. பிடி."

ரவி பிளாவைப் பார்த்தான். ராக்கையில் இருந்த பேணிகளைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். தாயின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

துவக்கை அம்மியில் சாத்தினான். இரண்டு கையாலும் வாங்கினான்.

"என்ன ரவி, ஆள் நிக்கிறானோ?" முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா கஞ்சி தந்தவ அண்ணை. கை ரெண்டும் எடுக்க ஏலாது."

"கெதியாய்க் குடிச்சிட்டு வா!"

"ஓம் அண்ணை. குடிக்கிறன்."

அவன் பிளாவுக்குள் முகத்தைக் குனிந்துகொண்டான். கதவுக்குப் பின்னாலிருந்து குகன் வந்தான். ரவியின் முழங்கையில் உரசித்தான் போகவேண்டும், அவ்வளவு ஒடுக்கமான வாசல். உரசிக்கொண்டு போனான். நான் மேலே தொங்கிய கிடுகை உயர்த்திப் பிடித்தேன். பொட்டுக்குள்ளால் எங்கள் வளவு, பின்பக்கப் பொட்டால் அடுத்த வளவு, அதற்கப்பால் பனங்காணி. முற்றத்தில் எங்கடை அவர் மேற்கு எல்லைக்கு வந்திருந்தார்.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். குகன் கடல் தாண்டிக் குளிர்நாடு ஒன்றில் இருக்கிறான். அங்கேயும் கூழ் காய்ச்சுகிறார்களாம், கண்ணாடிக் கோப்பையில் குடிக்கிறார்களாம். ரவி அடுத்த மாரியைக் காணவில்லை. அவன் ஆண்டுத் திவசத்துக்குப் பூமணியக்கை ஐயர் சொன்னதெல்லாம் படைத்துவிட்டு, ஐயர் போனபின் நண்டுக்கால் இரண்டு போட்டுக் கூழும் படைப்பாள்.

ஆனால் அந்த மத்தியானம் இன்னும் முடியவில்லை.

பனங்காணிப் பக்கம் காகங்கள் எழும்பிப் பறந்து திரும்ப அமரும் வரை ரவி அப்படியே நின்றான். பிறகு தலையை நிமிர்த்தினான். "இந்தா அம்மா, கவனமாய்ப் பிடி" என்று பிளாவைத் தாயின் இரண்டு கையிலும் வைத்தான். துவக்கை எடுத்தான். "இஞ்சை ஒருத்தரும் இல்லை அண்ணை!" என்று கத்திக்கொண்டு படலையால் போனான்.

நான் பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போனேன். பிளாவில் கஞ்சி விளிம்பு வரைக்கும் இருந்தது. ஒரு மிடறு கூட அவன் குடிக்கவில்லை.

பூமணியக்கை அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. நான் என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.